போகும்போது டைல்ஸ், வரும்போது தெர்மாகோல்: எந்த ட்ரெய்லரை வாடகைக்கு எடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சொந்தமாக ஒரு ஹெட், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் எஞ்சின் வண்டி, வைத்திருக்கிறீர்கள். அதன் பின்னால் மாட்ட ஆறு மாதத்துக்கு ஒரு செமி ட்ரெய்லர் வாடகைக்கு வேண்டும். போகும்போது பாலெட்டில் (மரத் தட்டில்) கட்டிய டைல்ஸ், நடைக்கு 24 டன். திரும்பும்போது தெர்மாகோல் பலகைகள். வாடகை யார்டில் ‘இருப்பதிலேயே நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்கிறார்கள். தொழில் தெரிந்த நண்பரோ ‘சுவரும் கூரையும் இல்லாத ஃப்ளாட்பெட் போதும், வாடகையும் குறைவு’ என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் நீளமும் வாடகையும் பிறகு வருகிற விஷயங்கள். ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு சரக்கை ஒரே ட்ரெய்லரில் ஏற்றி, இரண்டு பக்கமும் கையைக் கடிக்காமல் ஓட்ட முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. முடியும். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் ட்ரெய்லர் யார்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். முதலில் பிரேக், ஆக்ஸில் (சக்கர அச்சு) வேலை. பிற்பாடு வாடகைக்குப் போகும் வண்டியை ஒப்படைத்து, திரும்பி வரும்போது சரிபார்த்து வாங்கும் பொறுப்பு. பாலெட் சரக்கு, மூடிய பெட்டி, கன்டெய்னர், ஓரளவு குளிர்பதன ட்ரெய்லர் ஆகியவை எனக்கு நன்றாகத் தெரியும். டேங்கரிலும் இயந்திரம் ஏற்றும் லோ பெட்டிலும் எனக்குப் பழக்கம் கிடையாது. அவை உங்களுக்குத் தேவையும் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. சில சரக்கு ட்ரெய்லரை எடையால் நிரப்பும். தளத்துக்கு மேலே முக்கால்வாசி இடம் காலியாக இருக்கும்போதே சட்டம் அனுமதிக்கும் டன் தீர்ந்துவிடும். சில சரக்கு இடத்தால் நிரப்பும். கூரை வரை அடுக்கினாலும் எடை ஏறவே ஏறாது. இரண்டுக்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஐரோப்பிய அளவில் கட்டப்படும் சாதாரண ட்ரெய்லரை எடுத்துக்கொள்வோம். உள்நீளம் 13.6 மீட்டர், உள்ளகலம் சுமார் 2.48, உள்ளுயரம் சுமார் 2.7. பெருக்கினால் 91 கன மீட்டர். 24 டன்னை அதால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 264 கிலோ. சரக்கு இதைவிடக் கனமானால் எடை முதலில் தீரும், லேசானால் இடம் முதலில் தீரும். டைல்ஸ் இந்தக் கோட்டுக்கு வெகு மேலே இருக்கிறது. ஒரு பாலெட் 1.2 டன் என்று வைத்தால் 20 பாலெட்டிலேயே 24 டன் ஆகிவிடும், உயரம் இடுப்பைத் தாண்டாது. தெர்மாகோல் வெகு கீழே. கன மீட்டருக்கு 20 கிலோ என்று வைத்தால், 91 கன மீட்டரையும் இண்டு இடுக்கில்லாமல் நிரப்பினாலும் 1.8 டன்தான் வரும்.

யார்டில் சொன்ன ‘நீளமானது’ உங்களுக்குத் திரும்பும் பயணத்தில் மட்டும்தான் உதவும். போகும் பயணத்தில் அந்தக் கூடுதல் நீளம் வெறும் இரும்பு, அதற்கும் எடை உண்டு. சாலையில் வரம்பு என்பது ஹெட், ட்ரெய்லர், சரக்கு மூன்றும் சேர்ந்த மொத்தத்துக்கு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 40 டன். அமெரிக்காவின் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளில் 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36.3 டன். 40 டன் வரம்பில் ஹெட் 7.5, ட்ரெய்லர் 6.8 என்றால் மிச்சம் 25.7 டன். பாலெட் மரம் ஒன்றுக்கு 25 கிலோ வீதம் 20க்கு அரை டன் போகும். பெல்ட், ரப்பர் பாய் எல்லாம் சேர்த்தாலும் 24 டன் டைல்ஸ் நிம்மதியாக ஏறும். அதே இடத்தில் ட்ரெய்லர் ஒன்றரை டன் கூடுதல் எடையுள்ளதாக இருந்தால், ஒவ்வொரு நடையிலும் ஒரு பாலெட் கிடங்கிலேயே நின்றுவிடும். 36.3 டன் வரம்புள்ள இடத்தில் இதே ஜோடியில் 24 டன் ஏற்றவே முடியாது, 21 சொச்சம்தான். உங்கள் ஊர்ச் சாலையின் வரம்பு என்ன என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆக்ஸில் வாரியாகவும் கேளுங்கள், மொத்தம் மட்டும் போதாது. பிறகு யார்டில் வாடகையைக் கேட்பதற்கு முன்பே காலி எடையைக் கேளுங்கள். தகட்டில் அடித்திருப்பார்கள். ஆனாலும் ஒரு முறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், ஏனென்றால் பின்னாளில் மாட்டிய டூல் பாக்ஸ், ஸ்டெப்னி, பாலெட் வைக்கும் கூண்டு எதுவும் தகட்டில் சேராது.

இப்போது எந்த ரகம் என்று பார்ப்போம். நண்பர் சொன்ன ஃப்ளாட்பெட், டைல்ஸ் ஒன்றை மட்டும் பார்த்தால் தவறில்லை. லேசானது, எந்தப் பக்கமிருந்தும் ஏற்றலாம். ஆனால் டைல்ஸ் இருப்பது அட்டைப்பெட்டியில். ஊறிய அட்டை பாரம் தாங்காது. கீழடுக்கு பிதுங்கி, பாலெட்டே ஒரு பக்கம் சாயும். தார்ப்பாய் போடலாம் என்பீர்கள். போடலாம், நடைக்கு நடை அதற்கு ஆளும் நேரமும் வேண்டும், மேலே ஏறிக் கட்டுபவர் விழுகிற ஆபத்தும் இருக்கிறது. திரும்பும்போது தெர்மாகோலை ஃப்ளாட்பெட்டில் கட்டினால், இறுக்கிய இடத்தில் விளிம்பு நொறுங்கும், தளர்த்திய இடத்தில் காற்று தூக்கும். மூடிய பெட்டி ட்ரெய்லர் தெர்மாகோலுக்கு அருமையானது, பூட்டவும் செய்யலாம். டைல்ஸுக்குத்தான் சிக்கல். பின்கதவு வழியாக மட்டுமே ஏற்ற முடியும், ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஓட வேண்டும், அதற்குத் தளமட்டத்தில் டாக் (சரக்கு ஏற்றும் மேடை) வேண்டும், தளமும் அந்த எடையைத் தாங்க வேண்டும். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் தானே நான்கு டன்னை ஒட்டி எடை இருக்கும். அது 1.2 டன் பாலெட்டைத் தூக்கியதும் எடையில் பெரும்பங்கு முன்சக்கரம் இரண்டின் மேல் வந்து உட்காரும். குளிர்பதன ட்ரெய்லரும் கன்டெய்னர் சேசிஸும் உங்கள் வேலைக்குப் பொருந்தாது, அவற்றை விட்டுவிடலாம்.

எனவே நான் சொல்வது கர்ட்டன் சைடர்: மேலே கூரை, முன்னே சுவர், பின்னே கதவு, இரண்டு பக்கமும் இழுத்துத் திறக்கும் திரை. டைல்ஸைப் பக்கவாட்டில் தரையிலிருந்தே ஃபோர்க்லிஃப்ட் வைத்துவிடும், தெர்மாகோலைப் பின்வழியாகவோ பக்கமாகவோ ஆட்கள் கையாலேயே அடுக்கலாம். மூன்று ஆக்ஸில், காற்றுப் பையில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன், சாதாரண உயரம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இந்தப் பரிந்துரை இரண்டு சூழ்நிலையில் மட்டும் மாறும். ஏற்றும் இடம், இறக்கும் இடம் இரண்டிலும் டாக் மட்டுமே இருந்து பக்கவாட்டில் திறக்க இடமே இல்லையென்றால், பெட்டி ட்ரெய்லரைப் பாருங்கள். இரவில் சாலையோரத்தில் நிறுத்தித் தங்கும் பாதையாக இருந்து திருட்டு பயமும் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். திரையை ஒரு கத்தி கிழித்துவிடும்.

உள்ளுயரம் 3 மீட்டர் உள்ள மெகா ட்ரெய்லரை யாராவது காட்டி ஆசை காட்டக்கூடும். தெர்மாகோலுக்கு ஏறத்தாழ பத்து கன மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது, ட்ரெய்லரின் முன்பக்கம் வந்து அமரும் ஃபிஃப்த் வீல் தட்டு தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் தாழ்வான ஹெட்டுக்கென்று செய்தது. சாதாரண ஹெட்டில் தட்டு 1.1 முதல் 1.25 மீட்டர் வரை இருக்கும். அதில் மெகாவை மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஐரோப்பாவின் 4 மீட்டர் உயர வரம்பைத் தாண்டிவிடும். ட்ரெய்லரும் சாய்ந்து நின்று பின் ஆக்ஸில்கள் சமமாகப் பாரம் வாங்காது.

அடுத்து வருவது இந்தப் பதிலில் நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். பாரம் எவ்வளவு என்பது போலவே பாரம் எங்கே என்பதும் வண்டியைத் தீர்மானிக்கிறது. செமி ட்ரெய்லருக்கு முன்சக்கரம் கிடையாது. அதன் பாரத்தில் ஒரு பங்கை, முன்பக்க அடியில் உள்ள கிங் பின் என்ற இணைப்பு முளை வழியாக உங்கள் ஹெட் சுமக்கிறது, மறுபங்கை ட்ரெய்லரின் ஆக்ஸில்கள் சுமக்கின்றன. நான் சொன்ன 13.6 மீட்டர் ட்ரெய்லரில் கிங் பின் முன்சுவரிலிருந்து சுமார் 1.6 மீட்டர் பின்னால் இருக்கும். அங்கிருந்து மூன்று ஆக்ஸில்களின் நடுப்புள்ளி சுமார் 7.7 மீட்டர். இப்போது 20 பாலெட்டை வரிசைக்கு இரண்டாகப் பத்து வரிசை வைக்கிறோம், ஒரு வரிசைக்கு ஒரு மீட்டர். பழக்கமில்லாதவர் செய்வது என்ன? முன்சுவரை ஒட்டி ஆரம்பித்து வரிசையாக வைத்துக்கொண்டே வருவார். சரக்கின் நடுப்புள்ளி முன்சுவரிலிருந்து 5 மீட்டர், கிங் பின்னிலிருந்து 3.4 மீட்டர். 24 டன்னில் 13.4 டன் கிங் பின் மேல் வந்துவிடும். ட்ரெய்லரின் சொந்த எடையில் ஹெட் சுமக்கும் பங்கு 1.8 டன் என்று வைத்தால் 15.2. ஹெட்டின் 7.5 டன்னைச் சேர்த்தால் 22.7 டன். இரண்டு ஆக்ஸில் ஹெட்டுக்கு ஐரோப்பாவில் வரம்பு 18 டன். மொத்த எடை 40க்குள் இருந்தும் இந்த வண்டி சட்டத்துக்குப் புறம்பானது, ஆபத்தானதும்கூட.

இதே 20 பாலெட்டை முன்சுவரிலிருந்து 1.8 மீட்டர் விட்டு ஆரம்பியுங்கள். நடுப்புள்ளி 6.8 மீட்டருக்கு நகரும். கிங் பின் மேல் 7.8 டன், ட்ரெய்லர் ஆக்ஸில்கள் மேல் 16.2 டன். ஹெட்டில் மொத்தம் 7.5, 1.8, 7.8 சேர்ந்து 17.1 டன். வரம்புக்குள் வந்துவிட்டது. அதே சரக்கு, அதே ட்ரெய்லர், ஒரு ஆள் கிடக்கும் நீளத்துக்கு நகர்த்தியது மட்டும்தான் வித்தியாசம். வாடகைக்கு எடுக்கும்போது கிங் பின்னிலிருந்து ஆக்ஸில் நடு வரை உள்ள தூரத்தைக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். அந்த ஓர் எண் கையில் இருந்தால் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு கடைகளில் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் கடையில் கடைசி இரண்டு வரிசையை இறக்குகிறீர்கள், 4.8 டன். பாரம் குறைந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் அந்த இரண்டு வரிசையும் ட்ரெய்லர் ஆக்ஸில்களின் நடுப்புள்ளிக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தவை. அவை அங்கே உட்கார்ந்து, நெம்புகோல் போல முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தன. அவை போனதும் ஹெட்டின் மேல் பாரம் ஏறத்தாழ 0.9 டன் கூடுகிறது. 17.1 என்பது 18 ஆகிறது, வரம்பைத் தொட்டு நிற்கிறது. மனசாட்சியோடு ஓட்டுகிற நல்ல டிரைவர்கள்கூட, பாதி இறக்கிய வண்டியோடு எடைமேடையில் மாட்டி ‘எப்படி இது’ என்று விழித்ததைப் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் இறக்கும் வேலை இருந்தால், பக்கவாட்டில் திறக்கும் ட்ரெய்லரின் அருமை அப்போது தெரியும். முன்னால் உள்ள பாலெட்டையோ நடுவில் உள்ளதையோ தேர்ந்தெடுத்து இறக்கலாம்.

முன்னால் 1.8 மீட்டர் காலி விட்டால் சரக்கு நகராதா என்று நீங்கள் கேட்பது நியாயம். நகரும், தடுக்காவிட்டால். ஐரோப்பிய விதிகளும் அமெரிக்க விதிகளும் இந்த விஷயத்தில் ஒரே அளவைத்தான் சொல்கின்றன: திடீரென்று பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே தள்ளும், பக்கவாட்டில் 0.5 பங்கு. 24 டன்னுக்கு முன்னோக்கி 19.2 டன் விசை. மரப் பாலெட் பிளைவுட் தளத்தில் நிற்கும்போது உராய்வு 0.45 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அது 10.8 டன்னைத் தாங்கிவிடும். மிச்சம் 8.4 டன்னை வேறு ஏதாவது தாங்க வேண்டும். பெல்ட் தாங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். பெல்ட்டின் நீலச் சீட்டைக் கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள். அதில் பெரிதாக 2500 என்று ஓர் எண் இருக்கும். அது பெல்ட் நேராக இழுபடும்போது தாங்கும் விசை. சரக்குக்கு மேலே போட்டு அழுத்தும்போது வேலை செய்வது வேறொரு சிறிய எண், ராட்செட் கைப்பிடியை இறுக்கினால் கிடைக்கும் இழுவிசை. சாதாரண ராட்செட்டில் அது 350 கிலோ அளவுதான். இரண்டு பக்கமும் சேர்த்து 700 கிலோ அழுத்துகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதில் 0.45 பங்கு, அதாவது 315 கிலோ, நகர்வைத் தடுக்கும். 8.4 டன்னுக்கு 27 பெல்ட் வேண்டும். யாரும் 27 பெல்ட் போடுவதில்லை.

வழி இரண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். பாலெட்டுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டால் உராய்வு 0.6 அளவுக்கு ஏறும், 14.4 டன் தாங்கும். மிச்சம் 4.8 டன். அடுத்து, முன்சுவருக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் உள்ள இடத்தைக் காலி பாலெட்டுகளால் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். அப்போது முன்சுவரும் பாரம் தாங்கும். இங்கேதான் எந்த கர்ட்டன் சைடர் என்பது முக்கியமாகிறது. இஎன் 12642 என்ற ஐரோப்பிய தரத்தில் எல், எக்ஸ்எல் என்று இரண்டு வலிமை நிலைகள் உண்டு. எல் நிலையில் முன்சுவர் அதிகபட்சம் 5 டன் விசை தாங்கினால் போதும், பக்கத் திரைக்கு எந்த வலிமையும் கணக்கில் இல்லை, அது மழைக்கு மட்டும். எக்ஸ்எல் நிலையில் முன்சுவர் சரக்கு எடையில் 50 சதவீதம், பின்பக்கம் 30 சதவீதம், பக்கவாட்டு 40 சதவீதம் தாங்க வேண்டும். 24 டன்னுக்கு முன்சுவர் 12 டன். ரப்பர் பாயோடு சேர்ந்தால் தேவையைத் தாண்டி நிற்கும். சான்றிதழ் ஒட்டு வழக்கமாக முன்சுவரிலோ கதவிலோ இருக்கும். அதோடு வரும் தாளில் பக்கவாட்டில் எத்தனை மரச்சட்டம் செருகியிருந்தால் அந்த வலிமை செல்லும் என்று எழுதியிருக்கும். சட்டங்கள் யார்டிலேயே தொலைந்திருந்தால் ஒட்டு இருந்தும் பயனில்லை. எண்ணிப் பாருங்கள். டைல்ஸ் பாரம் முழுவதும் தாழ்வாக, இடுப்பு உயரத்துக்குள் இருப்பதால் பக்கத் திரையை மட்டும் நம்பாமல் வரிசைக்கு ஒரு பெல்ட்டாவது போடுங்கள் என்பது என் அனுபவம். தாளில் இருக்கும் கணக்கு, சரக்கு உயரமாகப் பரவி அழுத்துவதாக வைத்துப் போட்டது.

ஏர் சஸ்பென்ஷன் ஏன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். டைல்ஸ் உடையும் சரக்கு, இரும்புப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங்கின் அதிர்வு பாரம் குறைந்தபோது இன்னும் கடுமையாக ஏறும். ஏற்ற இறக்க வால்வு இருந்தால் தளத்தைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ டாக் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு ஆக்ஸிலைத் தூக்கிவைக்கும் வசதி உள்ளதாகக் கிடைத்தால் கட்டாயம் அதைக் கேளுங்கள். திரும்பும்போது உங்களிடம் இருப்பது இரண்டு டன்னுக்கும் குறைவு, ஆறு டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு வர வேண்டியதில்லை. ஏற்றும் இடம் கல்லும் குழியுமான மண் பாதையாக இருந்தால் மட்டும் லீஃப் ஸ்பிரிங்கை யோசிக்கலாம். பழுதானால் எந்தப் பட்டறையிலும் சரிசெய்துவிடுவார்கள்.

ஹெட்டும் ட்ரெய்லரும் பொருந்துமா என்பதை யார்டுக்காரர் வாய்வார்த்தையில் விடாதீர்கள். கிங் பின் இரண்டு அளவில் வரும், 2 அங்குலமும் மூன்றரை அங்குலமும். சாதாரணச் சரக்கு ட்ரெய்லரில் பெரும்பாலும் 2 அங்குலம்தான். ஆனாலும் அளந்து பாருங்கள். ஹெட் 24 வோல்ட்டா 12 வோல்ட்டா, மின் இணைப்பில் எத்தனை பின், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அல்லது இபிஎஸ் (மின்னணு பிரேக்) தனி இணைப்பு உங்கள் ஹெட்டில் இருக்கிறதா, காற்றுக் குழாய் முனைகள் ஒரே ரகமா, ஹெட் திரும்பும்போது கேபினின் பின்பகுதி ட்ரெய்லரின் முன்மூலையில் இடிக்காதா: இத்தனையும் ஒரே நாளில், உங்கள் ஹெட்டை யார்டுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாட்டிப் பார்ப்பது என்றதும் ஒரு காலை நினைவுக்கு வருகிறது. நான் ஒப்படைப்பில் இருந்த யார்டில், காலி ட்ரெய்லர் ஒன்றின் லேண்டிங் லெக்கை (ஹெட் இல்லாதபோது முன்பக்கத்தைத் தாங்கும் கால்) தேவைக்கு அதிகமாக இறக்கி, முன்பக்கம் உயரமாக நிற்கும்படி நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் ஹெட்டைப் பின்னால் விட்டார், ‘டக்’ என்று சத்தம் கேட்டது, மாட்டிவிட்டதாக நினைத்தார். கிங் பின், அதைப் பூட்டும் தாடைக்குள் போகாமல் ஃபிஃப்த் வீல் தட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. குழாய்களை இணைத்தார், லெக்கைச் சுற்றி ஏற்றினார், கிளம்பினார். கேட்டுக்கு முன்னால் இருந்த சின்ன ஏற்றத்தில் ட்ரெய்லர் அப்படியே பின்னால் வழுக்கியது. சிவப்புக் குழாய் நீண்டு, அறுந்து, காற்று சீறியது. முன்பக்கம் தரையில் விழுந்த சத்தத்தில் ஆபீஸில் இருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை, அதுதான் பெரிய பாக்கியம். அதற்குப் பிறகு நான் ஒப்படைத்த ஒவ்வொரு வண்டியிலும் டார்ச் அடித்துக் குனிந்து மூன்றைப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள்: தட்டுக்கும் ட்ரெய்லர் அடிப்பகுதிக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது, தாடை கிங் பின்னை முழுதாகச் சுற்றிப் பூட்டியிருக்க வேண்டும், கைப்பிடியின் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்க வேண்டும். பிறகு ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி, லெக்கை ஏற்றுவதற்கு முன்பே, முதல் கியரில் மெதுவாக முன்னே இழுத்துப் பாருங்கள்.

வண்டியை வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கிங் பின்னை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். 2 அங்குலப் பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர், 49க்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழம் நன்றாக இருந்தும் பழசான டயர் நீண்ட ஓட்டத்தில் வெடிக்கும். ஒரு டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் நேராக இல்லை என்று அர்த்தம். ஆறு மாதத்தில் அந்தத் தேய்மானம் உங்கள் கணக்கில் எழுதப்படும். தளப் பலகையில் பெயிண்ட் புதிதாக இருந்தால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஊறிய பிளைவுட் மேலே பளபளவென்று இருந்தாலும் அமுங்கும். பிரேக் லைனிங்கை அடியில் படுத்துப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கடைசியாக, நீங்கள் உள்ளே நின்றுகொண்டு திரையையும் கதவையும் மூடச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். பிறகு கூரையில் ஊசி முனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மழை பெய்தால் அந்த வட்டங்களில்தான் உங்கள் டைல்ஸ் பெட்டி நனையும்.

ஒப்பந்தத்தில் நான் தேடும் வரிகள் சில. டயர் தேய்மானம் யார் பொறுப்பு, மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? பிரேக், லைட், சஸ்பென்ஷன் பழுதானால் யார் செலவு, எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும், மாற்று ட்ரெய்லர் தருவார்களா, வண்டி நிற்கும் நாளுக்கு வாடகை ஓடுமா? கிலோமீட்டர் வரம்பு உண்டா? ட்ரெய்லருக்குக் காப்பீடு யார் எடுப்பது, அது சரக்கையும் மூடுமா? பெரும்பாலும் மூடாது, சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். தகுதிச் சான்று நடுவில் காலாவதியானால் புதுப்பிப்பது யார்? ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கம், அடிப்பகுதி, கூரை, ஒவ்வொரு டயர், தளம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, அன்றே யார்டுக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பக் கொடுக்கும்போது வரும் சண்டைகளில் பத்துக்கு ஒன்பது, பழைய கீறலா புதுக் கீறலா என்பதில்தான் வந்தன. அந்த மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், படம் வைத்திருந்தவரிடம் நாங்கள் வாதாடியதே இல்லை.

ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஹெட்டைக் கழற்றிவிட்டு, ட்ரெய்லரை லெக்கில் நிறுத்தி, டாக் வழியாக ஃபோர்க்லிஃப்டை உள்ளே விடுவதாக இருந்தால், முன்மூக்கின் அடியில் தாங்கு ஸ்டாண்ட் வையுங்கள். ஃபோர்க்லிஃப்ட் பாலெட்டோடு லெக்கைத் தாண்டி முன்சுவர் வரை போகும்போது, பின்பக்கம் காலியாக இருந்தால் ட்ரெய்லர் மூக்குக் குப்புற விழும். லெக் மண்ணில் புதையாமல் இருக்கக் கெட்டியான பலகையும் அடியில் வேண்டும்.

நான் பார்க்காமல் சொல்ல முடியாதவை மூன்று. உங்கள் ஹெட் இரண்டு ஆக்ஸிலா மூன்றா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்றானால் மேலே போட்ட 18 டன் கணக்கு மாறும், ஹெட்டின் சொந்த எடையும் கூடும். டைல்ஸ் பாலெட்டின் நீள அகலம் ஆலைக்கு ஆலை வேறுபடும். ஒரு வரிசைக்கு ஒரு மீட்டர் என்று நான் எடுத்தது கணக்குக்காகத்தான். உங்கள் கிடங்கு வாசலில் 13.6 மீட்டர் ட்ரெய்லர் திரும்புமா என்பதை, அதே நீள வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவரை அங்கே கூட்டிப்போய்க் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் நடையில் டைல்ஸ் ஏற்றியதும், ஹெட்டின் ஒவ்வொரு ஆக்ஸிலையும் ட்ரெய்லர் ஆக்ஸில்களையும் தனித்தனியாக எடைமேடையில் நிறுத்தி எடை எடுங்கள். வரம்பை மீறினால் கிடங்குக்குத் திரும்பி, வரிசையை நகர்த்தி மறுபடி எடை பாருங்கள். சரியாக வந்த இடத்தில், முதல் வரிசை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தளத்தில் ஒரு கோடு போட யார்டில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமானால், ஹெட்டின் ஆக்ஸில் எண்ணிக்கை, காலி எடை, ஃபிஃப்த் வீல் உயரம், பாலெட்டின் நீள அகலம் இந்த நான்கையும் அளந்து இங்கேயே எழுதுங்கள். முதல் வரிசையை முன்சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று உங்கள் வண்டிக்கே போட்டுத் தருகிறேன்.